கப்பல் கேள்வி பதில்: கேங்வே ஏறுறதுக்கு முன்னாடியே வழி தெரிஞ்சிருக்கணும்

போன மாசம் இந்தப் பகுதியில, கப்பல முழுசா 360 டிகிரி கேமராவுல படம் பிடிச்சு புதுசா ஜாயின் பண்றவங்களுக்கு போன்லயே சுத்திக் காட்டுற வர்ச்சுவல் டூர் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கே இவ்ளோ கேள்வி வரும்னு எதிர்பாக்கல. எமர்ஜென்சில கப்பல விட்டு வெளிய வர்றது சம்பந்தமா கேட்டவங்களுக்கு மட்டும் இந்த தடவ பதில். ஏஜென்ட் காசு வாங்கிட்டு போன் எடுக்க மாட்டேங்குறான்னு எழுதினவங்க கொஞ்சம் பொறுங்க, அது அடுத்த மாசம்.

ஜிபி ரேட்டிங் (மாலுமி வேலைக்கான அடிப்படைப் பயிற்சி) முடிச்சாச்சு, முதல் கப்பல், பல்க் கேரியர் (நிலக்கரி, தானியம் மாதிரி மூட்டை கட்டாத சரக்கு ஏத்துற கப்பல்). ஆபீஸ்ல இருந்து ஒரு டூர் லிங்க் அனுப்பி பாத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. பிரிட்ஜ், ஜிம், மெஸ் ரூம் எல்லாம் பாத்தேன், சூப்பரா இருக்கு. வேற என்ன பாக்கணும்? - வாசகர், தூத்துக்குடி

தம்பி, ஜிம் எங்கயும் போயிடாது. மொதல்ல ஆபீஸுக்கு போன் போட்டு உனக்கு எந்த கேபின்னு கேளு. சரியா சொல்ல முடியலன்னாலும் ஓஎஸ் (ஆர்டினரி சீமன், உன்ன மாதிரி புது டெக் ஆள்) எந்த டெக்ல தங்குவாங்கன்னு சொல்லிடுவாங்க. டூர்ல அந்த கேபின் கதவுல நின்னுக்கோ, அங்க இருந்து மஸ்டர் ஸ்டேஷனுக்கு (அலாரம் அடிச்சா எல்லாரும் கூடுற இடம்) ஒவ்வொரு அடியா நகத்திட்டே போ. எத்தன கதவு, ஒவ்வொண்ணும் உள்பக்கம் திறக்குதா வெளிப்பக்கமா, படிக்கட்டு எந்தக் கைப்பக்கம் வருது, கைப்பிடி எங்க ஆரம்பிக்குதுன்னு பாரு. அப்புறம் போன கவுத்து வச்சுட்டு வழிய வாயால சொல்லிப் பாரு, எங்க திக்குதோ அந்த இடத்த மறுபடி திறந்து பாரு. முடிஞ்சதும் அந்தப் படிக்கட்டுல புகைன்னு வச்சுக்கிட்டு ரெண்டாவது வழியில போ. இதே மாதிரி இன்ஜின் ரூம்ல இருந்து, ஸ்டியரிங் கியர் ரூம்ல இருந்து, முன்னாடி போசன் ஸ்டோர்ல (கயிறு, சாமான் வைக்கிற அறை) இருந்து. ஓஎஸ்ஸ எங்க வேணா அனுப்புவாங்க, அலாரம் அடிக்கும்போது நீ கேபின்லதான் இருப்பேன்னு எந்த கேரண்டியும் கிடையாது.

இத ஏன் வீட்ல உக்காந்து பண்ணச் சொல்றேன்னா, ஜாயின் பண்ற அன்னைக்கு உன் மண்டையில எதுவும் ஏறாது. ரெண்டு ஃப்ளைட் மாறி, ஏஜென்ட் வேன்ல தூங்கி வழிஞ்சு, கப்பல் ஆங்கரேஜ்ல நின்னா லான்ச்ல போய் ஏணி ஏறி, பெட்டிய இறக்குறதுக்குள்ள சைன் ஆஃப் ஆகுறவன் ஹேண்ட்ஓவர்னு அரை மணி நேரம் பேசிட்டு கிளம்பிடுவான், தேர்ட் மேட் (மூணாவது ஆபீசர்) கப்பலச் சுத்திக் காட்டியாச்சுன்னு இருக்குற ஒரு ஃபெமிலியரைசேஷன் ஃபார்ம நீட்டி கையெழுத்து போடுன்னுவாரு. எமர்ஜென்சில உனக்கு என்ன வேலையோ அது கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சோலாஸ்ல (கடல்ல உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) மூணாவது அத்தியாயம் தெளிவா சொல்லுது. அதே இடத்துல இன்னொண்ணு, க்ரூல 25 சதவீதத்துக்கு மேல ஆளுங்க அந்தக் கப்பல்ல முந்தின மாசம் டிரில்ல கலந்துக்காதவங்களா இருந்தா, போர்ட்ட விட்டுக் கிளம்பின 24 மணி நேரத்துக்குள்ள அபாண்டன் ஷிப் (கப்பல விட்டு இறங்குற ஒத்திகை), ஃபயர் டிரில் ரெண்டும் நடத்தியாகணும். சட்டத்துல குறை இல்ல. ஆனா தூக்கக் கலக்கத்துல போட்ட கையெழுத்து ஃபைல்ல மட்டும்தான் இருக்கும், உன் மண்டையில இருக்காது.

பல்க் கேரியர்ங்கிறதால இதையும் சொல்லிடுறேன். 2006 ஜூலைக்கு அப்புறம் கட்டினதா இருந்தா பின்னாடி ஸ்டெர்ன்ல ஃப்ரீ ஃபால் லைஃப்போட் இருக்கும், சரிவான தண்டவாளத்துல மூக்கு கீழ பாத்தபடி நிக்கும். டூர்ல போட்டுக்குள்ள போக விட்டா போய்ப் பாரு, சீட்டெல்லாம் பின்பக்கம் பாத்து இருக்கும், போட் சரிஞ்சு நிக்கிறதால உள்ள நடக்குறதே ஒரு வித்தைதான். உன் சீட் நம்பர் எது, பெல்ட் எப்படி மாட்டுதுன்னு பாத்து வை. எமர்ஜென்சி அலாரம்னா ஏழு சின்ன ஹாரன் ஒரு நீள ஹாரன், அது உனக்கு கோர்ஸ்லயே சொல்லிக் கொடுத்திருப்பாங்க.

ஏறின அன்னைக்கே, தூங்கப் போறதுக்கு முன்னாடி டார்ச்ச கையில வச்சுக்கிட்டு (போடாத) அதே வழிய ஒரு தடவ நடந்து பாத்துடு. அது நடக்கலன்னா டூர் பாத்ததுல பாதிக்கு மேல வீண்.

நான் க்ரூஸ் கப்பல்ல ரெஸ்டாரண்ட் வெயிட்டர். எங்களுக்கும் டூர் பாக்கச் சொல்லி டெஸ்ட் வைக்கிறாங்க. நாங்க என்ன ஆபீசரா, தட்டு தூக்குறவனுக்கு எதுக்கு எஸ்கேப் ரூட்டு? - வாசகர், மதுரை

உங்களுக்குத்தான் ரொம்ப முக்கியம் நண்பரே. பாசஞ்சர் கப்பல்ல நெருக்கடி நேரத்துல பயணி யார் மூஞ்சியப் பாப்பாரு? கேப்டன் மேல பிரிட்ஜ்ல இருப்பாரு. படிக்கட்டு முனையில லைஃப் ஜாக்கெட் போட்டு நின்னு இந்தப் பக்கம் வாங்கன்னு கைகாட்டுறது வெயிட்டரும் கேபின் ஸ்டூவர்டும்தான். மஸ்டர் லிஸ்ட (எமர்ஜென்சில யாருக்கு என்ன வேலைன்னு இருக்குற பட்டியல்) எடுத்துப் பாருங்க, உங்க நம்பருக்கு நேரா ஸ்டேர்வே கைடுன்னோ கேபின் செர்ச்னோதான் போட்டிருக்கும்.

ஸ்காண்டிநேவியன் ஸ்டார் கதை கேள்விப்பட்டிருக்கீங்களா? ஃப்ளோரிடா பக்கம் கேசினோ க்ரூஸா ஓடிட்டிருந்த கப்பல், அத வாங்கி நார்வேயோட ஓஸ்லோவுக்கும் டென்மார்க்கோட ஃப்ரெடரிக்ஸ்ஹாவனுக்கும் நடுவுல ஃபெரியா விட அவசர அவசரமா ரெடி பண்ணாங்க. 1990 ஏப்ரல் 1-ம் தேதி சர்வீஸ் ஆரம்பிச்சுது. ஏப்ரல் 7-ம் தேதி விடியக்காலைல, எல்லாரும் தூங்கிட்டிருக்கும்போது தீ. 159 பேர் செத்துட்டாங்க. யாரோ வேணும்னே வச்ச தீன்னு விசாரணைல வந்துச்சு, அந்த வழக்கு சர்ச்சை இன்னும் முழுசா ஓயல, நான் அதுக்குள்ள போகல. நமக்கு வேண்டியது, க்ரூல நிறைய பேர் போர்ச்சுகீஸ்காரங்க, கப்பலுக்கே புதுசு, பயணிங்களோட பேச ஒரு பொது பாஷை கூட சரியா இல்ல, ஒழுங்கா டிரில் நடத்தி அவங்கள தயார் பண்ணவே இல்ல. காரிடார் சுவர்ல ஒட்டியிருந்த லேமினேட் எரிஞ்சு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்த புகை வந்துச்சு, அதுல ஒரு சில மூச்சுதான், அதுக்கப்புறம் ஆள் எழுந்திருக்க முடியாது. அலாரம் சத்தம் எல்லா கேபினுக்கும் போய்ச் சேரல. எந்தக் கதவுக்குப் பின்னாடி படிக்கட்டு இருக்குன்னு தெரிஞ்ச ஒரு ஆள் ஒவ்வொரு காரிடார் முனையிலயும் நின்னிருந்தா எத்தன பேர் வெளிய வந்திருப்பாங்கன்னு யாராலயும் கணக்கு சொல்ல முடியாது, ஆனா நின்னிருக்கணும்.

1987-ல ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் ஜீப்ரக்கா துறைமுகத்து வாசல்லயே கவுந்து 193 பேர் போனாங்க, அதுவும் இதுவும் சேர்ந்துதான் இன்னைக்கு நாம ஐஎஸ்எம்னு (கப்பலோட பாதுகாப்பு நிர்வாக விதிகள்) திட்டிட்டே ஃபார்ம் நிரப்புறோமே, அந்த கோட் வந்துச்சு. பாசஞ்சர் கப்பலுக்கு 1998 ஜூலைல இருந்து கட்டாயம்.

அதனால டெஸ்ட்ட கடனேன்னு பண்ணாதீங்க. நீங்க தினமும் போற வழி கேலிக்கும் (கப்பல் கிச்சன்) ரெஸ்டாரண்ட்டுக்கும் க்ரூ கேபினுக்கும்தான், பயணிங்க கேபின் இருக்குற காரிடார் உங்களுக்கு அன்னியம். டூர்ல அந்த டெக்குல மட்டும் நேரம் செலவழிங்க, அதுலயும் முட்டுச் சந்து மாதிரி முடியுற இடங்கள குறிச்சு வச்சுக்கோங்க.

நான் இருபது வருஷமா இன்ஜின் ரூம்ல இருக்குற ஆள். இதெல்லாம் கம்ப்யூட்டர் கேம். புகைக்குள்ள ஒரு நாள் விட்டுப் பாத்தாதான் தெரியும். சொல்றதுக்கு ஏதாவது இருக்கா? - வாசகர், நாகர்கோவில்

செகண்ட் இன்ஜினியர் சார் (நீங்க ரேங்க் எழுதல, எழுத்துலயே தெரியுது), பாதி உங்க பக்கம்தான் நான். ஆனா இத அமெரிக்க நேவி ஆராய்ச்சிக் கூடம் 1990-கள்லயே சோதிச்சுப் பாத்துச்சு. அலபாமாவுல மொபைல் துறைமுகம் பக்கம் ஷாட்வெல்னு ஒரு பழைய கப்பல், தீ வச்சுப் பழகுறதுக்குன்னே வச்சிருந்தாங்க. தீயணைக்கிற ஆளுங்கள ரெண்டு குழுவாப் பிரிச்சு, ரெண்டு குழுவுக்கும் வழக்கமான விளக்கம், ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலா கம்ப்யூட்டர்ல கட்டின அதே கப்பலுக்குள்ள நடக்க விட்டாங்க. அப்புறம் நிஜக் கப்பல்ல, பார்வைய மறைச்சு விட்டா, வர்ச்சுவலா நடந்தவங்க வேகமாப் போனாங்க, தப்பான திருப்பம் குறைச்சலா எடுத்தாங்க. அன்னைக்கு இருந்த கிராஃபிக்ஸ் இன்னைக்கு ஒரு குழந்தை கூட சீண்டாது, அப்பவே இந்த ரிசல்ட். ஆக வழி தெரிஞ்சுக்குற விஷயத்துல இது வேலை செய்யுது.

வேலை செய்யாத இடம் எங்கன்னு கேட்டா அங்க நான் உங்க கட்சி. டூர்ல தரை எப்பவும் சமமா இருக்கும், லைட் எல்லாம் எரியும், கதவு ஒரு கிளிக்ல திறக்கும். 2025 மே மாசம் கொச்சிக்கு வெளிய எம்எஸ்சி எல்சா 3 கிட்டத்தட்ட 26 டிகிரி சாய்ஞ்சுது, மறுநாளே மூழ்கிடுச்சு, 24 பேரையும் கோஸ்ட் கார்டும் நேவியும் சேர்ந்து காப்பாத்திட்டாங்க. 26 டிகிரி சாய்ஞ்ச அக்கமடேஷன்ல நடக்குறதுன்னா ஒரு கால் தரையில ஒரு கால் சுவர்ல. லைஃப்போட்டையே 20 டிகிரி சாய்வு வரைக்கும் இறக்க முடியணும்னுதான் சோலாஸ் கேக்குது, அதுக்கு மேல போனா மேல் பக்கத்து போட்டு கப்பல் மேலயே உரசி உக்காந்துக்கும். 2012-ல கோஸ்டா கன்கார்டியால அதான் நடந்துச்சு, கடைசில அங்க சாவு 32. கனமான எஃகுக் கதவ சாய்ஞ்ச தளத்துல மேல்நோக்கித் தள்ளித் திறக்குறது எப்படின்னு எந்த டூரும் உங்க தோளுக்குச் சொல்லித் தராது.

அதே கன்கார்டியால பாறைல மோதினது ராத்திரி 9.45-க்கு, கப்பல விட்டு இறங்குங்கன்னு உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, நடுவுல பயணிங்ககிட்ட கரண்ட் கோளாறுன்னு சொல்லிட்டிருந்தாங்க. 2014-ல கொரியாவுல செவோல், இருக்குற இடத்துலயே இருங்கன்னு திரும்பத் திரும்ப அறிவிப்பு, 304 பேர், அதுல பெரும்பாலும் ஸ்கூல் பசங்க. மேல இருக்குறவன் சொல்ல வேண்டியத சொல்லலன்னா கீழ இருக்குறவனுக்கு எல்லா வழியும் மனப்பாடமா இருந்து என்ன பிரயோஜனம். இத ஒரு கேமரா தீர்த்து வைக்கும்னு விக்க வர்ற சேல்ஸ்மேன நம்பாதீங்க.

ஆனா உங்க இன்ஜின் ரூமுக்கு வர்ற புது மோட்டார்மேனுக்கு எஸ்கேப் ட்ரங்க் (தீ வந்தா ஏணியில மேல ஏறித் தப்பிக்கிற தனி வழி) கதவு எந்த பிளாட்ஃபார்ம்ல, எந்த மெஷினுக்குப் பின்னாடின்னு மொத நாளே தெரிஞ்சிருந்தா நல்லதுதானே சார்? இஇபிடி (புகைக்குள்ள தப்பிக்கும்போது மூச்சு விட மாட்டிக்கிற சாதனம்) மாட்டினா குறைஞ்சபட்சம் பத்து நிமிஷக் காத்து. அந்தப் பத்து நிமிஷத்துல கதவத் தேடிட்டு நிக்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் கப்பல்ல ஏபி (அனுபவமுள்ள டெக் மாலுமி). வீடியோவும் விஆர் கண்ணாடியும் வந்துட்டா கம்பெனி நிஜ டிரில்ல குறைச்சிடுமோன்னு பயமா இருக்கு. அதே நேரம் டிரில்லயே ஆள் செத்துப் போறாங்கன்னும் சொல்றாங்களே? - வாசகி, ராமநாதபுரம்

ரெண்டுமே நியாயமான பயம்மா. டிரில்ல சாவுறது உண்மை. 2013 பிப்ரவரில கேனரி தீவுல லா பால்மா துறைமுகத்துல, தாம்சன் மெஜஸ்டி க்ரூஸ் கப்பல்ல டிரில் நடக்கும்போது லைஃப்போட் வயர் அறுந்து போட்டு தலைகீழா விழுந்து க்ரூ 5 பேர் செத்துட்டாங்க. 2016-ல மார்சேல்ல ஹார்மனி ஆஃப் த சீஸ், அதுவும் டிரில்தான், போட்டு விழுந்து ஒருத்தர் போயிட்டாரு. வயர் உள்ளுக்குள்ள துருப்பிடிச்சிருக்கும், ஹூக் சரியா மாட்டாம இருக்கும், லீவர ஒருத்தர் அவசரப்பட்டு இழுத்திருப்பாரு. உயிரக் காப்பாத்த வச்ச சாமான் ஆளக் கொல்லுதுங்கிறது எங்க தொழில்ல ரொம்ப நாளா இருக்குற அவமானம். இப்ப ஆள் இல்லாம காலி போட்ட மொதல்ல இறக்கி ஏத்திப் பாத்துட்டு அப்புறம் ஆள ஏத்துங்கன்னு ஐஎம்ஓ (ஐநாவோட கடல்சார் அமைப்பு) வழிகாட்டியே இருக்கு.

இங்கதான் வர்ச்சுவல் விஷயம் உபயோகம். ஹூக் மாட்டியிருக்கா இல்லையான்னு பாக்க வேண்டிய அடையாளம், பின் எடுக்குற வரிசை, லீவர் எப்ப தொடணும் எப்ப தொடக்கூடாது, இதெல்லாம் இருபது மீட்டர் உயரத்துல தொங்கிக்கிட்டுக் கத்துக்க வேண்டியதே இல்ல, தரையில திரையில தப்புப் பண்ணிப் பண்ணிக் கத்துக்கலாம்.

டிரில்ல குறைக்க முடியுமான்னா, சட்டப்படி முடியாது. ஒவ்வொரு ஆளும் மாசத்துக்கு ஒரு அபாண்டன் ஷிப் டிரில், ஒரு ஃபயர் டிரில் பண்ணியாகணும், பாசஞ்சர் கப்பல்னா டிரில் வாராவாரம், சாதாரண லைஃப்போட்ட மூணு மாசத்துக்கு ஒரு தடவ தண்ணியில இறக்கி ஓட்டிப் பாக்கணும். டூர் பாத்தத டிரில்னு லாக் புக்ல எழுதினா அது பொய்க் கணக்கு, போர்ட் ஸ்டேட் கன்ட்ரோல் இன்ஸ்பெக்டர் (துறைமுக நாட்டு அரசாங்கத்துல இருந்து கப்பல சோதிக்க வர்றவர்) வந்து ஒரு ஆள நிறுத்தி போட்ட இறக்கிக் காட்டுன்னா அங்கயே வெளுத்துடும். அப்படி எழுதுற கப்பல் இருக்கா? இருக்கு, டூர் வர்றதுக்கு முன்னாடியும் இருந்துச்சு. வீட்டுக்காரர்கிட்ட கடைசியா எப்ப போட்ட தண்ணியில இறக்கினீங்கன்னு சும்மா கேட்டுப் பாருங்க. அவர் யோசிச்சாருன்னா கம்பெனியோட டிபிஏ (பாதுகாப்புப் பிரச்சனைய நேரா சொல்றதுக்கு கரையில இருக்குற அதிகாரி) நம்பர் ஒவ்வொரு கப்பல்லயும் ஒட்டியிருக்கும், அதுக்குப் பேசச் சொல்லுங்க.

நான் ப்ராடக்ட் டேங்கர்ல (பெட்ரோல், டீசல் மாதிரி சரக்கு ஏத்துற கப்பல்) சீஃப் ஆபீசர். வெளிய கொடுத்தா காசு அதிகம் கேக்குறாங்க, நாங்களே ஒரு 360 கேமரா வாங்கி டூர் பண்ணலாம்னு இருக்கோம். எதுல கவனமா இருக்கணும்? - வாசகர், சென்னை

நல்ல ஐடியா சார், இந்த மாசம் வந்ததுலயே எனக்குப் பிடிச்ச கேள்வி. மொதல்ல டேங்கர்ங்கிறத மறந்துடாதீங்க. சாதாரண கேமராவும் போனும் பேட்டரி சாமான், பம்ப் ரூம்லயும் கார்கோ டெக்லயும் அத எடுத்துட்டு அலையக் கூடாது, கேஸ் ஃப்ரீ பண்ணி (தீப்பிடிக்கிற வாயுவ வெளியேத்தி) பெர்மிட் போட்ட நேரத்துல, ட்ரை டாக்ல (கப்பல தண்ணி இல்லாத தளத்துல நிறுத்திப் பழுது பாக்கும்போது), அந்தப் பகுதிய எடுத்துக்கோங்க. அது வரைக்கும் அக்கமடேஷனும் இன்ஜின் ரூமும் போதும்.

கேமராவ எல்லாரும் கண் உயரத்துலதான் வைப்பாங்க. வைங்க, ஆனா காரிடார்லயும் படிக்கட்டுலயும் இன்னொரு செட் முழங்கால் உயரத்துல எடுங்க. புகை மேல இருந்து கீழ எறங்கும், ஆள் தவழ்ந்துதான் வருவான், தவழுறவன் கண்ணுக்கு கப்பல் வேற மாதிரி இருக்கும், கதவுக் கைப்பிடி தலைக்கு மேல இருக்கும், எக்ஸிட் போர்டு தெரியவே தெரியாது. முடிஞ்சா மெயின் லைட்ட அணைச்சு எமர்ஜென்சி லைட்ல மட்டும் ஒரு செட். பாக்க அழகா இருக்காது, பரவால்ல, நாம ரூம் வாடகைக்கு விடல.

மேப்புல கிளிக் பண்ணா நேரா அந்த இடத்துக்குத் தாவுற வசதி எல்லா சாஃப்ட்வேர்லயும் இருக்கும், பயிற்சிக்குப் பண்றதுல அத மூடிடுங்க. தாவித் தாவிப் பாத்தவனுக்கு அறை எல்லாம் தெரியும், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போற வழி தெரியாது. ஒவ்வொரு அடியா நகரட்டும், போரடிக்கட்டும். இஇபிடி, இம்மர்ஷன் சூட் (குளிர் தண்ணில உடம்பக் காக்குற உடை) லாக்கர், ஃபயர் ஹோஸ், கால் பாயின்ட் (ஃபயர் அலாரம் அழுத்துற பொத்தான்) எல்லாத்துக்கும் ஃபயர் கன்ட்ரோல் பிளான்ல இருக்குற அதே ஐஎம்ஓ அடையாளத்த போடுங்க, நீங்களா கலர் கலரா ஐகான் கண்டுபிடிக்காதீங்க.

எடுத்த தேதி திரையில எப்பவும் தெரியணும். கப்பல் மாறிட்டே இருக்கும், டூர்ல திறந்திருக்குற கதவ, கடற்கொள்ளைப் பயம் இருக்குற பகுதியில உள்ள இருந்து பூட்டியிருப்பீங்க, எஸ்கேப் ட்ரங்க்குக்குள்ள யாரோ பெயின்ட் டப்பா அடுக்கியிருப்பான். பழைய டூர் தப்பான வழிய நம்பிக்கையோட சொல்லிக் கொடுக்கும், அதுக்கு டூரே இல்லாம இருக்கலாம். ட்ரை டாக் முடிஞ்சதும் மறுபடி எடுங்க, நடுவுல மாறினா அந்த ஒரு இடத்த மட்டும் மாத்துங்க.

அப்புறம் டெஸ்ட். ஆள இன்ஜின் ரூம் ஒர்க்‌ஷாப்ல நிறுத்தி, இடது பக்கப் படிக்கட்டுல புகை, லைஃப்போட்டுக்குப் போன்னு விடுங்க. எங்க தடுமாறுறான்னு நீங்க பக்கத்துல உக்காந்து பாத்தா, ஆள் தப்பா இல்ல உங்க போர்டு வச்ச இடம் தப்பான்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். ஃபைல ஆஃப்லைன்லயும் ஓடுற மாதிரி வச்சுக்கோங்க, எல்லாக் கப்பல்லயும் ஸ்டார்லிங்க் வந்துடல.

எங்க கப்பல் டூர நானே எடிட் பண்ணேன், செமயா வந்திருக்கு. யூடியூப்ல போடலாமா? - வாசகர், காரைக்கால்

வேண்டாம். கப்பலோட செக்யூரிட்டி பிளான்ல ரகசியம்னு வச்சிருக்குற இடங்க அதுல இருக்கும், கொள்ளைக்காரன் வந்தா க்ரூ ஒளிஞ்சுக்குற சிட்டடல் எங்க, அதுக்கு எத்தன கதவுன்னு உலகத்துக்கே காட்டிட்டு ஏடன் வளைகுடாவுக்குப் போகப் போறீங்களா? மாஸ்டர்கிட்டயும் கம்பெனி செக்யூரிட்டி ஆபீசர்கிட்டயும் கேக்காம ஒரு ஃபோட்டோ கூட வெளிய போகக்கூடாது. ஜிம் வீடியோவ வேணா கேட்டுட்டுப் போடுங்க.

விஆர் கண்ணாடி மாட்டினா எனக்குத் தலை சுத்துது, வாந்தி வருது. கப்பலுக்கே லாயக்கில்லன்னு அர்த்தமா? - வாசகர், கடலூர்

இல்லவே இல்ல. கண்ணு நகருதுன்னு சொல்லும், உடம்பு உக்காந்திருக்குன்னு சொல்லும், அதுல வர்ற குழப்பம். கடல்ல நல்லா இருக்குறவங்களுக்கும் கண்ணாடில வரும். டேப்லெட்லயோ லேப்டாப்லயோ பாருங்க, வழி கத்துக்க அது தாராளமாப் போதும்.

டூர்ல பின்னாடி பேசுறது எல்லாம் இங்கிலீஷ். எனக்கு சுமாராத்தான் புரியுது. தமிழ்ல கேட்டா தருவாங்களா? - வாசகர், வேதாரண்யம்

கேளுங்க, கேட்டா ஒண்ணும் குறைஞ்சிடாது. தமிழ்க்காரங்க நிறைய இருக்குற கப்பல்னா சீனியர் போசன் யாரையாவது விட்டுப் பேச வச்சு சேத்துடலாம், பெரிய வேலையே இல்ல. எப்படி இஇபிடி மாட்டணும், சூட்ல காத்த எப்படி வெளியேத்தணும்ங்கிற விளக்கத்த தமிழ்ல கேட்டாதான் உள்ள இறங்கும்.

ஆனா அலாரத்துக்கு அப்புறம் ஸ்பீக்கர்ல வர்றது கப்பலோட வொர்க்கிங் லாங்குவேஜ்லதான் வரும், அதுவும் பிலிப்பினோ உச்சரிப்புலயோ உக்ரைன் உச்சரிப்புலயோ வரும், பின்னாடி ஜெனரேட்டர் சத்தத்தோட. அதனால மஸ்டர் ஸ்டேஷன், அபாண்டன் ஷிப், போர்ட் சைட், ஸ்டார்போர்ட் சைட், லோவர், ஹோல்ட், லெட் கோ, இந்த மாதிரி ஒரு முப்பது வார்த்தைய இங்கிலீஷ்லயே காதுக்குப் பழக்கிடுங்க. தேர்ட் மேட்கிட்ட போய் அறிவிப்ப ஒரு தடவ உங்க போன்ல பேசித் தரச் சொல்லுங்க, தர மாட்டேன்னு சொல்ற ஆள நான் இது வரைக்கும் பாக்கல.